திறக்கவும் தெரிய வேண்டும், பூட்டவும் தெரிய வேண்டும்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் மாணவர் பேரவைச் செயலாளர் அண்ணன் லேப் வாசலில் வந்து நின்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நீ கம்ப்யூட்டர் பிராஞ்ச்தானே, செயற்கை நுண்ணறிவு பத்தி எழுதிக் கொடும்மா, எல்லாரும் படிப்பாங்க" என்றார். அதைப் பற்றி எழுத நம் கல்லூரியில் பத்துப் பேராவது இருப்பார்கள். நான் செய்து பார்த்த ஒன்றை, அதில் பட்ட அடியையும் சேர்த்து எழுதுகிறேன் என்றேன். "சரி, எழுது" என்று சொல்லிவிட்டார். அதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு வகுப்பில் பிள்ளைகள் தூங்காமல் இருக்கவும், ஒரு பழங்குடி மக்களின் அறிவு அழியாமல் இருக்கவும் இணையக் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது? பயன்படுத்தும்போது எங்கே கையை எடுத்துக்கொள்ள வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளும்தான் கட்டுரையின் பொருள்.

நான் யார்?

நான் இருளர் சமூகத்துப் பெண். செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரை ஓரத்தில் எங்கள் குடியிருப்பு. அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கைநாட்டுதான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று என் ஆயா (அப்பாவின் அம்மா), "கம்ப்யூட்டருன்னா இன்னாம்மா பண்ணும்?" என்று கேட்டது. "நாம சொல்றத ஞாபகம் வெச்சுக்கும் ஆயா" என்றேன். "அதுக்குத்தான் நான் இருக்கேனே" என்று சிரித்தது. அன்று நானும் சிரித்தேன். ஆயா சொன்னதன் அர்த்தம் பின்னால்தான் புரிந்தது.

இருளர் என்றால் பலருக்கும் பாம்பு பிடிப்பவர்கள் என்று மட்டும்தான் தெரியும். எங்கள் பெரியவர்கள் மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்வார்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பிடித்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு அந்தத் தொழில் முடங்கியது. 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். அந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பள்ளிக்கூடப் புத்தகம் தராத படிப்பு அது!

தூங்கிய வகுப்பு

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பதினான்கு பிள்ளைகள். 'ஆன்லைன்ல வீடியோ போட்டா பசங்க ஆர்வமா கத்துக்குவாங்க' என்று நம்பி, போனில் அறிவியல் வீடியோக்களைக் காட்டினேன். முதல் நாள் எல்லோரும் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். மூன்றாம் நாள் பாதிப் பேர் தூங்கினார்கள். நெம்புகோல் பாடத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பையன் ஏற்ற இறக்கப் பலகையில் ஆடிக்கொண்டிருந்தான். எங்கள் பிள்ளைகள் அந்தப் பலகையைக் கண்ணால் பார்த்ததில்லை.

அப்போது ஒரு ஆறாம் வகுப்புப் பையன், "அக்கா, இது எங்க அப்பா கடப்பாரை மாதிரிதானே?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம்! எலி வளையைத் தோண்டக் கடப்பாரையால் கல்லை நெம்புவதுதானே முதல் வகை நெம்புகோல்? அடியில் வைக்கும் சின்னக் கல் ஆதாரப்புள்ளி, கை அழுத்துவது திறன், பெரிய கல் பளு. மறுநாள் அவன் அப்பாவே வந்து செய்து காட்டினார். அதைப் போனில் படம் பிடித்தேன். அந்தப் படத்தின் மேல் அம்புக்குறி போட்டுப் பாடம் நடத்தினேன். அன்று யாரும் தூங்கவில்லை.

அதன் பிறகு பாடங்கள் தானாக வந்தன. எலி வளையின் ஒரு வாயில் மண் சட்டியில் வைக்கோலை வைத்துப் புகை ஊதினால், இன்னொரு வாய் வழியாகப் புகை வரும். அதுவே காற்றழுத்தப் பாடம். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லை அளப்பது கணக்குப் பாடம். பாம்பு சட்டை உரிப்பது உயிரியல் பாடம்.

நண்பர்களே, வீடியோ ஓடுவதால் மட்டும் வகுப்பு சுவாரசியமாகிவிடாது. 'இதில் எனக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது' என்று பிள்ளைக்குத் தோன்றும்போதுதான் வகுப்புக்கு உயிர் வருகிறது. இணையக் கருவியின் வேலை, அந்தத் 'தெரிந்த ஒன்றை' எல்லோரும் பார்க்கும்படி எடுத்து வைப்பது.

நாங்கள் பயன்படுத்திய கருவிகள்

ஒன்று, ஒலிப்பதிவு. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிவு செய்து வர வேண்டும். போனில் இருக்கும் சாதாரண ரெக்கார்டரே போதும். காற்று இரைச்சல் வராமல் இருக்க வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் போனைச் சாய்வாகப் பிடிக்கச் சொன்னேன். கோப்பின் பெயரிலேயே யார், என்று, எதைப் பற்றி என்று எழுத வைத்தேன். பெயர் போடாத பதிவு, சீட்டு ஒட்டாத டப்பா மாதிரி, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு, வரைபடம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004-இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். அதில் எங்கள் ஏரி இருந்தது, ரோடு இருந்தது, பக்கத்து ரைஸ்மில் இருந்தது. எங்கள் குடியிருப்பு இல்லை! வெறும் காலி இடம். பிள்ளைகள் அடிகளால் தூரம் அளந்தார்கள். வீடுகள், அடி பம்பு, சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் நான் லேப்பில் உட்கார்ந்து ஏற்றினேன். "அக்கா, நம்ம வீடு உலகத்துல வந்துடுச்சு!" என்று ஒரு குட்டிப் பெண் கத்தியதை மறக்க முடியாது.

மூன்று, வினாடி வினா. 2013-இல் நார்வே நாட்டிலிருந்து வந்த கஹூட் போன்ற விளையாட்டுகள் உண்டு. திரையில் கேள்வி வரும், மாணவர்கள் போனில் பதில் அழுத்துவார்கள். ஆனால் அதற்கு நல்ல சிக்னல் வேண்டும். எங்கள் ஏரிக்கரையில் சிக்னல் காற்றடித்தால் வரும், நின்றால் போகும். அதனால் நம் கல்லூரியில் கற்றுக்கொண்ட எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட்டை வைத்து நானே ஒரு சின்ன வினாடி வினா பக்கம் எழுதினேன். தடத்தின் படம் வரும். நல்ல பாம்பா, சாரையா, உடும்பா? சரியான பதிலை அழுத்தினால் தாத்தாவின் குரல் "சபாஷ்" என்று சொல்லும்.

நான்கு, இணையமில்லா இணையம். பழைய லேப்டாப்பில் ஒரு வெப் சர்வர் மென்பொருளை ஓடவிட்டேன். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பையும் பெற்றோர்களின் போன்களையும் அதில் இணைத்தேன். லேப்டாப்பின் ஐ.பி. எண்ணைப் பிரவுசரில் அடித்தால் எங்கள் பக்கம் திறக்கும். டேட்டா செலவு பூஜ்யம். குடியிருப்பைத் தாண்டி ஒரு எழுத்துக்கூட வெளியே போகாது. முதலில் இதைக் குறை என்றுதான் நினைத்தேன். அதுவே பெரிய பலம் என்று அப்புறம் தெரிந்தது.

உலகம் என்ன செய்கிறது?

இதே முயற்சியை உலகில் வேறு பழங்குடி மக்களும் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தபோது எனக்குத் தெம்பு வந்தது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 30-க்கும் மேற்பட்ட பழங்குடி மொழிகள் உள்ளன. அங்கே 2003-இல் 'ஃபர்ஸ்ட் வாய்சஸ்' என்ற இணையத் தளம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு சமூகமும் தன் மொழிச் சொற்களைப் பெரியவர்களின் குரலோடு ஏற்றுகிறது. அந்தச் சொற்களை வைத்தே பிள்ளைகளுக்கு விளையாட்டுகளும் உண்டு. அந்த மொழிகளைப் போனில் தட்டச்சு செய்ய 2016-இல் தனி விசைப்பலகைச் செயலியும் வந்தது.

அலாஸ்காவில் இன்யூபியாக் மக்களின் பழங்கதை ஒன்று 2014-இல் 'நெவர் அலோன்' என்ற வீடியோ கேம் ஆனது. ஒரு சிறுமியும் ஒரு பனி நரியும் புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகிறார்கள். கதை சொல்லும் குரல் அவர்கள் மொழியிலேயே வரும். விளையாடிக்கொண்டே போனால், இடையிடையே அந்த மக்களே தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் சிறு படங்கள் திறக்கும்.

நம் நாட்டிலேயே சந்தாலி மொழியைப் பாருங்கள். ரகுநாத் முர்மு 1925-இல் அந்த மொழிக்கு ஒல் சிக்கி என்ற எழுத்தை உருவாக்கினார். 2003-இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சந்தாலி சேர்க்கப்பட்டது. 2008-இல் ஒல் சிக்கி யூனிகோடு தரத்தில் இடம் பெற்றது. அதாவது உலகின் எந்தக் கணினியிலும் அந்த எழுத்துக்கு ஒரு நிரந்தர எண் கிடைத்தது. 2018-இல் அந்த எழுத்திலேயே சந்தாலி விக்கிப்பீடியா வந்துவிட்டது!

இதையெல்லாம் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாமும் எல்லாவற்றையும் உலகத்துக்குத் திறந்து காட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். அங்கேதான் தப்பு நடந்தது.

நான் செய்த தப்பு

மாசி மகத்தன்று எங்கள் மக்கள் பல மாவட்டங்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். மணலில் புடவையால் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். விடியற்காலையில் ஈர மணலில் படி கட்டி, பூவும் தேங்காயும் வைத்துக் கன்னியம்மாவைக் கும்பிடுவோம். கல்யாணம், காதுகுத்து, மொட்டை எல்லாம் அங்கேதான் நடக்கும். சிலர் மேல் சாமி வரும். குறி சொல்லும்.

சென்ற ஆண்டு என் சின்னத் தாத்தா மேல் சாமி வந்தது. அதைப் போனில் எடுத்தேன். வகுப்பில் செமினார் வந்தபோது, 'பழங்குடிப் பண்பாடும் இணையமும்' என்று தலைப்புப் போட்டு, அந்த வீடியோவை யூடியூப்பில் பொதுவில் ஏற்றி, லிங்கை ஸ்லைடில் போட்டேன். செமினார் நன்றாகவே நடந்தது. கைதட்டினார்கள். நல்ல மார்க் வந்தது.

இருபது நாள் கழித்து, அதே வீடியோ வாட்ஸ்ஆப்பில் எனக்கே வந்தது. யாரோ தரவிறக்கி, சினிமாப் பாட்டைச் சேர்த்து, சிரிக்கும் பொம்மைகளை ஒட்டி, கேவலமான தலைப்புப் போட்டிருந்தார்கள். யார் செய்தது என்று கடைசி வரை தெரியவில்லை. நான் மூல வீடியோவை அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம்? தாத்தா வேலை செய்யும் சூளையில் நாலு பேர் அதைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். தாத்தா ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆயாதான் கேட்டது: "சாமி வந்தது உன் போன்ல போடுறதுக்காடி? அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. அவ்வளவு படித்தவள், அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

முகுர்த்து: பூட்டு உள்ள பை

மாலை வகுப்பையே நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். எங்கள் துறை மேடம் ஒருவர், "உன்னை மாதிரி யாராவது ஏற்கெனவே இந்தப் பிரச்சினையைச் சந்திச்சிருப்பாங்க, தேடிப் பாரு" என்றார். தேடினேன். கிடைத்தது.

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் டென்னன்ட் கிரீக் என்று ஒரு ஊர். அங்கே வாழும் வருமுங்கு மக்களின் பழைய புகைப்படங்கள் வெளியார் கையில்தான் இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி அந்த மக்களிடமே திருப்பிக் கொடுக்க ஏற்பாடு நடந்தது. ஆனால் அவர்கள் வழக்கப்படி எல்லாப் படத்தையும் எல்லோரும் பார்க்கக் கூடாது. சில படங்கள் ஒரு குடும்பத்துக்கு மட்டும். சில, பெண்களுக்கு மட்டும். இறந்துபோனவர் படத்தைக் காட்டுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. சாதாரண மென்பொருளில் இதற்கு வழி இல்லை. ஆகவே 2007-இல் அந்த மக்களும், கிம்பர்லி கிறிஸ்டன் என்ற ஆய்வாளரும், கிரெய்க் டீட்ரிச் என்ற நிரலாளரும் சேர்ந்து ஒரு புதிய மென்பொருளை உருவாக்கினார்கள். பெயர் 'முகுர்த்து'. வருமுங்கு மொழியில் அதற்கு, புனிதப் பொருள்களைப் பத்திரமாக வைக்கும் பை என்று பொருள். பைக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால், அதைக் காக்கும் பெரியவரிடம் போய் முறையாகக் கேட்க வேண்டும். இன்று முகுர்த்து யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள்.

அது எப்படி வேலை செய்கிறது? நம் லேப் கம்ப்யூட்டரில் 'அட்மின்', 'யூசர்' என்று இரண்டு வகை அனுமதி இருப்பது உங்களுக்குத் தெரியும். முகுர்த்துவில் அந்த அனுமதி வகைகளைச் சமூகமே வகுக்கிறது. முதலில் எந்தச் சமூகம் என்று பதிவு செய்ய வேண்டும். பிறகு 'எல்லோருக்கும்', 'குடும்பத்தாருக்கு', 'பெண்களுக்கு' என்று நெறிமுறைகள். ஒவ்வொரு படத்தையும் ஒலியையும் ஏற்றும்போதே ஒரு நெறிமுறையின் கீழ்தான் ஏற்ற முடியும். உள்ளே நுழைபவர் யார் என்று பார்த்து, அவருக்கு உரியதை மட்டும் மென்பொருள் காட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு ஏற்பாடு, 2010-இல் தொடங்கப்பட்ட 'லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ்' என்ற அமைப்பின் பாரம்பரிய அறிவுச் சீட்டுகள். மருந்துப் பாட்டிலில் 'குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' என்று சீட்டு ஒட்டுவதில்லையா? அது போலத்தான். 'இது இன்ன பருவத்தில் மட்டும் பகிர வேண்டியது', 'இதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதீர்', 'இன்ன மக்களுடையது என்று சொல்லிப் பயன்படுத்துக' என்று அந்தச் சமூகமே சீட்டு ஒட்டுகிறது.

ஏன் பூட்ட வேண்டும்?

"அறிவைப் பூட்டி வைக்கலாமா? பகிர்ந்தால்தானே வளரும்?" என்று என் தோழிகளே கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான்கு காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, திறந்ததை மூட முடியாது. யூடியூப்பில் 'பொது' என்று போட்டால் யாரும் பார்க்கலாம், தேடினாலும் கிடைக்கும். 'பட்டியலில் இல்லாதது' என்று போட்டால் தேடலில் வராது, ஆனால் லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம், அனுப்பலாம். 'தனிப்பட்டது' என்றால் நாம் அழைத்தவர் மட்டும். விக்கிப்பீடியாவுக்குக் கொடுக்கும் படங்களை வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுத்துத்தான் ஏற்றுகிறோம். பிறகு மனம் மாறினாலும் அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. போதாக்குறைக்கு, இன்று இணையத்தில் திறந்து கிடக்கும் எழுத்து, குரல், படம் எல்லாம் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கவும் அள்ளப்படுகின்றன. (செயலாளர் அண்ணா, உங்கள் தலைப்பும் வந்துவிட்டது!)

இரண்டாவது, படத்துக்குள் ஒளிந்திருக்கும் முகவரி. போனில் லொகேஷன் அனுமதி போட்டிருந்தால், எடுக்கும் படத்துக்குள்ளேயே அந்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்கள் பதிவாகும். அந்தக் கோப்பை அப்படியே கொடுத்தால், மூலிகை எந்தப் புதரில் இருக்கிறது, பாம்பு எந்தப் புற்றில் இருக்கிறது என்று திருடனுக்கு வழி சொன்ன மாதிரி. கேமரா செட்டிங்கில் இதை முதலில் அணைத்துவிடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நாங்கள் வீட்டையும் பம்பையும்தான் போட்டோம், புற்றையும் மூலிகையையும் போடவில்லை.

மூன்றாவது, சொந்தக்காரன் கையை விட்டுப் போவது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்கெல்லாம் தெரியும். அதற்கு 1995-இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல் ஆதாரங்களைக் காட்டி வாதாடி, 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. மஞ்சளுக்கு ஏடும் நூலும் சாட்சி சொன்னது. என் ஆயாவின் அறிவுக்கு எந்த ஏடு சாட்சி?

நான்காவது, உயிர். ஆயாவுக்குப் பல பச்சிலைகள் தெரியும். அதில் ஒன்றைப் 'பாம்புக்கடி மருந்து' என்று வீடியோ போட்டால், எங்கோ ஒருவர் அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடலாம். விஷப்பாம்பு கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் விஷமுறிவு ஊசி போட வேண்டும். பாம்பு விஷம் எடுக்கும் எங்கள் மக்களே அதைத்தான் சொல்கிறார்கள். பாதி தெரிந்த தகவல் ஒரு உயிரை வாங்கிவிடும்.

தெரு, வீடு, சாமி

இவ்வளவையும் படித்துவிட்டு ஆயாவிடம் வந்து உட்கார்ந்தேன். முகுர்த்து கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டது. பிறகு சொன்னது: "இதுல இன்னா இருக்குது? தெருவுல பேசுறது தெருவுக்கு. வீட்டுல பேசுறது வீட்டுக்கு. சாமிகிட்ட பேசுறது சாமிக்கு."

நான் மூன்று மாதம் தேடிப் படித்ததை ஆயா மூன்று வரியில் சொல்லிவிட்டது!

முதலில் சின்னத் தாத்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவரையும், ஆயாவையும், எங்கள் ஊர்த் தலைவரையும் உட்கார வைத்து, எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். மூன்று மாலைகள் ஆயின. அவர்கள் சொல்லச் சொல்லப் பிரித்தேன்.

'தெரு' என்ற கோப்புறையில் நெம்புகோல், புகைச் சட்டி, தடம் பார்க்கும் விளையாட்டு, வரைபடம். இவை யாருக்கும் காட்டலாம்.

'வீடு' என்ற கோப்புறையில் வீட்டுக் கதைகள், பாட்டுகள், இறந்துபோனவர்களின் குரல்கள். இவை எங்கள் ஹாட்ஸ்பாட்டில், எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும். கடவுச்சொல் போட்ட பென் டிரைவில் ஒரு நகல், ஆயாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது.

'சாமி' என்று கோப்புறையே கிடையாது. அதைப் பதிவே செய்வதில்லை. பச்சிலை மருந்தும் அதில்தான். கற்க வேண்டியவர் ஆயாவோடு காட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். எந்தப் பூட்டு போட்டாலும், திரையை இன்னொரு போனால் படம் எடுத்துவிடலாம். ஆகவே மிக முக்கியமானதைக் கருவியிடம் கொடுக்காமல் இருப்பதே நல்ல பூட்டு.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் அனுமதிக் கடிதம் வாங்குவது எப்படி? அதற்கும் ஒரு வழி செய்தோம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பேசுபவரே, "நான் இன்னார். இதை இன்னாருக்குக் காட்டலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். அனுமதி அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு ஒரு ஆச்சரியம் நடந்தது. முன்பு போனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட பெரியவர்கள், இப்போது தாங்களாகவே வந்து, "இதைத் தெருவுல போடு", "இது வீட்டுக்கு" என்று சொல்லிப் பேசுகிறார்கள். பூட்டு இருக்கிறது என்று தெரிந்ததும் வாய் திறந்துவிட்டது! சின்னத் தாத்தாவே போன மாதம் வகுப்புக்கு வந்து, நான்கு வகைத் தடங்களை மணலில் விரலால் வரைந்து காட்டினார். அவர் முகம் தெரியாமல், விரலை மட்டும் படம் பிடித்தேன். அவர் சொன்னபடி.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரியில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறீர்கள், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறீர்கள், மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஏட்டில் ஏறாத ஒரு படிப்பு இருக்கும். அதை வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். கொண்டு வரும்முன் நான்கு கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது யாருடையது? அவரிடம் கேட்டேனா? யாருக்குக் காட்டலாம் என்று சொன்னார்? நாளைக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால் என்னால் எடுக்க முடியுமா? நான்காவது கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால், ஏற்றாதீர்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 2022 முதல் 2032 வரையிலான காலத்தைப் பழங்குடி மொழிகளின் பத்தாண்டு என்று அறிவித்திருக்கிறது. பத்தாண்டு முடியும்போது என் மாலை வகுப்புப் பிள்ளைகளில் சிலராவது இந்தக் கல்லூரி லேப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் என்னைவிட நல்ல மென்பொருள் எழுதுவார்கள். தகரப் பெட்டியில் இருக்கும் பென் டிரைவின் கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுப்பதா, வேண்டாமா என்று ஆயாதான் முடிவு செய்யும்.

கம்ப்யூட்டர் என்ன செய்யும் என்று ஆயா அன்று கேட்டது. இன்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: "நீ சொன்னத ஞாபகம் வெச்சுக்கும் ஆயா. நீ சொல்லக் கூடாதுன்னு சொன்னத, நான் ஞாபகம் வெச்சுக்குவேன்."



— மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் பட்டயப் பிரிவு